ஏழரை மணி வகுப்பும் எல்பே ஆற்று ரயிலும்: லாஜிக் கற்பிக்கும் ஊர்களில் ஒரு பயணம்

திங்கள், டிரெஸ்டன்

டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு காலை ஏழரைக்கே தொடங்கிவிடுகிறது. அக்டோபர் கடைசியில் அந்த நேரத்துக்கு இங்கே சரியாக விடிந்துகூட இருக்காது. நான் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தது ஒன்பது இருபது வகுப்புக்கு. ஒவ்வொரு வகுப்பும் தொண்ணூறு நிமிடம்.

நான் தென் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் டிஸ்கிரீட் மேத்ஸ் நடத்துகிறேன். முன்பு என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இங்கே கம்ப்யூட்டேஷனல் லாஜிக்கில் முதுகலை படிக்கிறாள். "மேம், ஒரு தடவை வந்து எக்ஸர்சைஸ் கிளாஸ் மட்டும் பாருங்க" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளி விடுமுறையோடு லீவையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நம் ஊரில் லாஜிக் என்றால் முதல் யூனிட். ட்ரூத் டேபிள் போடுவோம், டாட்டாலஜியா என்று பார்ப்போம், அப்புறம் 'ரூல் பி', 'ரூல் டி' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே நிரூபணம் எழுத வைப்போம், இரண்டு மூன்று வாரத்தில் காம்பினேட்டரிக்ஸுக்குப் போய்விடுவோம். அதோடு அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் லாஜிக் முடிந்தது. இதை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டால் நான் சர்க்யூட்டைக் காட்டுவேன், ப்ரோக்ராமில் வரும் இஃப் கண்டிஷனைக் காட்டுவேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் இங்கே வந்தேன்.

இன்று நடந்தது விவரிப்புத் தர்க்கம், அதாவது டிஸ்கிரிப்ஷன் லாஜிக், பாடத்தின் பயிற்சி வகுப்பு. எந்தக் கருத்து எதில் அடங்கும் என்று கணினிக்குப் புரியும்படி எழுதும் தர்க்கம் இது. போன வாரமே கணக்குத் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள், எல்லோரும் வீட்டில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. யாராவது ஒருவர் எழுந்து பலகைக்குப் போய்ப் போடுகிறார், மற்றவர்கள் நடுவில் மறிக்கிறார்கள். ஒரு பையன் ஒரு படியைத் தாண்டிப் போனதும் பின் வரிசையிலிருந்து "அது எந்த விதியிலிருந்து?" என்று குரல் வந்தது. அவன் நின்று, திரும்பிப் பார்த்து, அழித்துவிட்டு மறுபடி எழுதினான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் கூச்சப்படவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது.

அவன் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரின் ஆராய்ச்சி முழுக்க அதில் இருக்கிறது. எண்டோகார்டைடிஸ் என்பது ஓர் அழற்சி, அது இதய உட்சவ்வில் வருவது. இதய உட்சவ்வு இதயத்தின் ஒரு பகுதி. அழற்சி என்பது ஒரு நோய். இதயத்தின் ஏதாவது ஒரு பகுதியில் இருக்கும் நோய் இதய நோய். இவ்வளவுதான் கொடுத்திருக்கிறது. எண்டோகார்டைடிஸ் இதய நோய் என்று யாரும் எங்கேயும் எழுதவில்லை, அதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் உலகெங்கும் மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொல் தொகுப்பில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன, அவற்றில் எது எதற்குள் அடங்கும் என்று ஆள் வைத்துப் பார்த்து மாளாது.

இங்கேதான் டிரெஸ்டன் வருகிறது. 'ஏதாவது ஒன்று', 'எல்லாமே' என்று தர்க்கத்தில் இரண்டு அளவைகள் உண்டு. 'எல்லாமே' இல்லாமல் ஒரு அறிவுத் தொகுப்பை எழுதவே முடியாது என்றுதான் 1980களில் பெரும்பாலானோர் நினைத்தார்கள். இங்கே இருக்கும் ஃப்ரான்ஸ் பாடரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். 'எல்லாமே' என்பதை விட்டுவிட்டு 'ஏதாவது ஒன்று', 'இதுவும் அதுவும்' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் (இந்த மொழிக்கு ஈஎல் என்று பெயர்) எது எதில் அடங்கும் என்ற கேள்வி பாலினாமியல் நேரத்தில், அதாவது தொகுப்பு பெருகினாலும் கட்டுக்குள் நிற்கும் நேரத்தில், தீர்ந்துவிடுகிறது. மாறாக 'எல்லாமே' என்பதை வைத்துக்கொண்டு 'ஏதாவது ஒன்று' என்பதை விட்டால் அதே கேள்வி எக்ஸ்பொனென்ஷியலாக வெடிக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு மொழிகள்தான், செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அறிவுத் தொகுப்புகளை எழுத 2009-ல் வெப் தரமாக வந்த ஆவுல் 2 மொழியில் இந்த ஈஎல்லுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எல்க் என்ற மென்பொருள் மொத்த ஸ்னோமெட்டையும் சில வினாடிகளில் வகைப்படுத்திவிடுகிறது.

பலகையில் அந்தப் பையன் செய்ததும் அதே அல்காரிதம்தான், கையால். விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான், புதிதாக எதுவும் வராதபோது நிறுத்துகிறான். ஏன் நின்றே தீரும் என்று கேட்டார் ஆசிரியர். "பெயர்களின் ஜோடிகள் இவ்வளவுதானே இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஒன்றாவது நிரம்பிவிடும்" என்றான். அந்தப் பதில் வந்த இடத்தில்தான் பாடம் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

செவ்வாய், டிரெஸ்டன்

மதியம் மொம்சன் தெருவில் இருக்கும் பழைய மென்சாவில் சாப்பாடு. மென்சா என்றால் மாணவர் உணவகம். மாணவியோடு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள், வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பேச்சு, வாய்மொழித் தேர்வு.

மேல்நிலைப் பாடங்கள் பலவற்றுக்கு இங்கே எழுத்துத் தேர்வு கிடையாது. பேராசிரியர் முன்னால் அரை மணி நேரம் உட்கார வேண்டும், அருகில் ஒருவர் குறிப்பெடுப்பார், கையில் வெள்ளைத்தாளும் பேனாவும். "இந்தத் தேற்றத்தைச் சொல்" என்று தொடங்குவார்களாம். சொன்னதும், "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் நிரூபணம் எந்த வரியில் உடையும்?" என்று கேட்பார்களாம். மனப்பாடம் முதல் கேள்வியோடு சரி. அறுபது பேர் வகுப்பில் இதைச் செய்ய முடியுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் அரை மணி நேரம் முடியாது, ஆனால் இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைப் பத்து நிமிடம் பத்து நிமிடமாக இதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த முதுகலைப் படிப்பு 1990களின் இறுதியில் ஸ்டெஃபன் ஹொல்டோப்ளர் என்ற பேராசிரியர் முன்னின்று ஆங்கில வழியில் தொடங்கியது. 2004-ல் எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் உதவியோடு ஐரோப்பியப் படிப்பாகவும் விரிந்து, டிரெஸ்டன், வியன்னா, போல்சானோ, லிஸ்பன் என்று ஊர் மாறிப் படித்து இரண்டு பட்டம் வாங்கும் ஏற்பாடு வந்தது. என் வழியும் ஏறக்குறைய அந்த மாணவர்கள் போன வழிதான்.

ஹொல்டோப்ளர் குழுவின் ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ரூத் பர்ன் என்ற உளவியலாளர் 1989-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். "அவளுக்குக் கட்டுரை எழுத வேண்டியிருந்தால் இரவு நூலகத்தில் இருப்பாள். அவளுக்குக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது." சரி, நூலகத்தில் இருப்பாளா? இருப்பாள் என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இப்போது நடுவில் இன்னொரு வாக்கியம்: "நூலகம் திறந்திருந்தால் இரவு நூலகத்தில் இருப்பாள்." உடனே நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். நாம் கற்றுக்கொடுக்கும் தர்க்கத்தில் இது நடக்கவே கூடாது, ஒருமுறை நிரூபித்ததை எத்தனை தகவல் கூடினாலும் திரும்பப் பெற முடியாது. மனிதர்கள் தர்க்கம் தெரியாதவர்கள் என்று விட்டுவிடாமல், அவர்கள் வேறு ஒரு தர்க்கத்தில் யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, உண்மை, பொய், தெரியவில்லை என்ற லூக்கசியேவிச்சின் மூன்று மதிப்புத் தர்க்கத்தில் அதை அமைத்துக் காட்டினார்கள் இங்கே. முதல் யூனிட்டின் முதல் நாளே இதை வகுப்பில் சொல்லலாம். பிள்ளைகள் அன்றைக்கே சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், சண்டை வந்தால் பாதிப் பாடம் நடந்த மாதிரி.

படிக்க வர நினைப்பவர்களுக்கு: இங்கே டியூஷன் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்ட வேண்டும், உள்ளூர்ப் பேருந்து, ட்ராம் பாஸ் அதிலேயே வந்துவிடும். ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். வீட்டில் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாலையில் ஃப்ராவன்கிர்ஷ தேவாலயம். 1945 குண்டுவீச்சில் இடிந்து 2005-ல் மறுபடி திறந்தது. புதுக் கல் வெளிர் மஞ்சள், பழைய கல் கறுப்பு. கூட்டம் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

புதன், ரயிலில், பிறகு பிர்னோ

டிரெஸ்டனிலிருந்து பிராகா போகும் ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே போகிறது. இடது பக்கம் ஜன்னல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், பாட் ஷாண்டாவ் வரைக்கும் மணற்பாறைகள் ஆற்றின் மேலே எழும்பி நிற்கும். பிராகாவில் வண்டி மாறி மதியத்துக்கு மேல் பிர்னோவில் இறங்கினேன்.

இறங்கியது ஒரே காரணத்துக்காக. பெகார்ஷ்கா தெரு 5ஆம் எண் வீட்டில் 1906-ல் தர்க்க மேதை குர்ட் கோடல் பிறந்தார். வீட்டில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'திருவாளர் ஏன்'. அதே தெருவில் இறங்கிக் கீழே நடந்தால் மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்த மடம் வந்துவிடுகிறது. ஒரு தெருவின் மேல் முனையில் கோடல், கீழ் முனையில் மெண்டல். ஊர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ட்ராமுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வீட்டின் எதிரே ரொம்ப நேரம் நின்றேன். இருபது வருடமாக இவர் பெயரைப் பலகையில் எழுதுகிறேன், நிற்காமல் எப்படிப் போவது?

இரவு வியன்னா. ஒன்றரை மணி நேரம்தான்.

வியாழன், வியன்னா

காலையில் முதலில் போனது போல்ட்ஸ்மன் தெரு 5. பல்கலைக்கழகத்தின் கணித நிறுவனம் இருந்த கட்டடம். மோரிட்ஸ் ஷ்லிக், ஹான்ஸ் ஹான், கார்னாப் போன்ற தத்துவ, கணித அறிஞர்களின் வியன்னா வட்டம் வியாழக்கிழமை மாலைகளில் இங்கே கூடும். ஹானிடம் ஆய்வு செய்த கோடலும் வந்து உட்காருவார், பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில்தான் தன் முடிவைக் கோடல் முதலில் வெளியே சொன்னார், அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது. முரண்பாடு இல்லாத, விதிகளை எந்திரம்போல் சரிபார்க்கக்கூடிய ஓர் அமைப்பு எண்கணிதத்தைச் சொல்லும் அளவுக்கு வலுவாக இருந்தால், அதில் நிரூபிக்கவும் முடியாத மறுக்கவும் முடியாத ஒரு வாக்கியம் இருந்தே தீரும். 1936-ல் சர்ச்சும் டூரிங்கும் அடுத்த கதவையும் சாத்தினார்கள்: 'எல்லாமே', 'ஏதாவது ஒன்று' இரண்டும் வரும் முதல்வரிசைத் தர்க்கத்தில் ஒரு வாக்கியம் எப்போதும் உண்மையா என்று சொல்லும் பொதுவான செய்முறை கிடையாது.

இதைச் சொல்லிவிட்டு வகுப்பை முடிக்கும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு சோர்வு தெரியும், 'அப்போ அவ்வளவுதானா' என்கிற மாதிரி. அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது என்று டிரெஸ்டன் வகுப்பைப் பார்த்தபின் உறுதியாகத் தோன்றுகிறது. முழுத் தர்க்கத்தையும் எந்திரத்தால் தீர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டதால்தான், எந்தத் துண்டைத் தீர்க்கலாம், அதற்கு என்ன செலவு என்ற கேள்வி பிறக்கிறது. ஈஎல் அப்படிப்பட்ட ஒரு துண்டு. கம்ப்யூட்டேஷனல் லாஜிக் என்ற துறையில் பாதி, அந்தத் துண்டுகளைத் தேடும் வேலை. கோடலையும் செலவுக் கணக்கையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு செமஸ்டர் இடைவெளி விடக் கூடாது.

பிறகு ரிங் சாலையில் இருக்கும் பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடம். 1936 ஜூன் 22 அன்று ஷ்லிக்கை அவருடைய பழைய மாணவன் ஒருவன் படிக்கட்டில் சுட்டுக் கொன்றான். அந்த இடத்தில் தரையில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள், மாணவர்கள் அதன் மேலேயே ஏறி இறங்குகிறார்கள். வட்டம் சிதறியது. 1940-ல் கோடலும் மனைவி அடெலும் சைபீரிய ரயிலில் கிழக்கே போய், பசிபிக்கைக் கடந்து பிரின்ஸ்டன் சேர்ந்தார்கள்.

வெள்ளி, வியன்னா

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை ஃபவோரிட்டன் தெருவில், டவுப்ஷ்டும்மன்காஸ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். இங்கே லாஜிக்குக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. விதிகளை எழுதிவிட்டு விடையைக் கணினியிடம் தேடவிடும் ஆன்சர் செட் ப்ரோக்ராமிங்கில் தாமஸ் ஐட்டர், தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் வாம்பயர் மென்பொருளில் லாரா கோவாச் என்று ஒரே நிறுவனத்தில் இத்தனை வேலை. 2014-ல் 'வியன்னா லாஜிக் கோடை' என்ற மாநாடு நடந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள்.

நான் தேடி வந்தது அகதா சியாபட்டோனியின் வேலையை. நிரூபணக் கோட்பாட்டுக்காரர். அவரும் சமஸ்கிருத அறிஞர் எலிசா ஃப்ரெஸ்கியும் இன்னும் இருவரும் சேர்ந்து 2015-ல் மீமாம்சைக்கு ஒரு தர்க்கம் அமைத்தார்கள். நம் ஊரில் பூர்வ மீமாம்சை என்றால் சடங்கு என்று ஒதுக்கிவிடுவோம். உண்மையில் அது கட்டளைகளைப் படிக்கும் கலை. இரண்டு விதி மோதினால் எது நிற்கும், ஒரு விதி யாரை நோக்கிச் சொன்னது என்று ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வாதாடியிருக்கிறார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பிரபலமான வழக்கு சியேன வேள்வி. வேதத்தில் ஓரிடத்தில் எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் பகைவனைக் கொல்ல விரும்புகிறவன் சியேன வேள்வி செய்யட்டும் என்று இருக்கிறது. முரண்பாடுதானே? இல்லை என்றார் மீமாம்சை அறிஞர் பிரபாகரர்: முதலாவது எல்லோருக்கும், இரண்டாவது கொல்ல வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே உள்ளவனுக்கு மட்டும். இந்தக் குழு மீமாம்சகர்கள் பயன்படுத்தும் பொது விதிகளிலிருந்து அடிப்படைகளை எடுத்து, 'இன்ன சூழலில் இன்னது கடமை' என்று சூழலையும் சேர்த்துச் சொல்லும் கடமைத் தர்க்கம் ஒன்றைக் கட்டி, அதற்கு நிரூபண விதிகள் அமைத்து, இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தாலும் முரண்பாடு வராது என்று காட்டினார்கள். பிரபாகரர் சொன்ன பதில் கணிதமாகவும் நிற்கிறது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குள் ஒரு மகிழ்ச்சி. பெருமை பேசும் ஆட்கள் 'எல்லாம் அந்தக் காலத்திலேயே இருந்தது' என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள், ஒதுக்குகிற ஆட்கள் திறந்தே பார்க்க மாட்டார்கள். இவர்கள் மூலத்தை வரி வரியாக வாசித்து, எது விதி, எது விளக்கம் என்று பிரித்து, தவறினால் தவறு என்று தெரியும்படி எழுதியிருக்கிறார்கள். பழைய நூலுக்குக் காட்டும் உண்மையான மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். தானாக ஓடும் வண்டிக்கும் ரோபோவுக்கும் விதி எழுதுகிறவர்கள் இதே சிக்கலில்தான் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் நல்ல லாஜிக் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கேயும் சமஸ்கிருதம் தெரிந்தவரும் நிரூபணம் தெரிந்தவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தொல்காப்பிய உரைகாரர்கள் சூத்திரங்களைப் பொருத்தும் முறையை இப்படி யாராவது எழுதிப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சனி, ரயிலில்

பகல் முழுவதும் வண்டி. சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், அப்புறம் பிரென்னர் கணவாய் ஏறி இத்தாலி. கீழே 55 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மலை ஏறும்போது விடைத்தாள் திருத்தினேன், இறங்கும்போது தூங்கிவிட்டேன்.

ஞாயிறு, போல்சானோ

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் நாள் இன்று. 1991-ல் பனிக்குள் கிடைத்த, ஐயாயிரத்து முந்நூறு ஆண்டு பழைய மனிதன் ஓட்ஸியை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஊரில் எல்லாப் பலகையிலும் இத்தாலியும் ஜெர்மனும்.

திங்கள், போல்சானோ

1997-ல் தொடங்கிய சின்னப் பல்கலைக்கழகம். இத்தாலி, ஜெர்மன், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பாடம். தியேகோ கல்வானேசேயும் ரோம் நகரத்து நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய டிஎல்-லைட் என்ற மொழிக்கு இது ஒரு தாய்வீடு. டிரெஸ்டன்காரர்கள் சொல் தொகுப்பை வகைப்படுத்தும் செலவைப் பார்த்தார்கள், இவர்கள் டேட்டாபேஸின் செலவைப் பார்க்கிறார்கள். கோடிக்கணக்கான வரிசைகள் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸில் கிடக்கின்றன, அதன் மேல் ஒரு தர்க்க அடுக்கைப் போட வேண்டும், ஆனால் தரவைத் தொடக் கூடாது. என்ன செய்யலாம்? கேட்ட கேள்வியையே தர்க்க விதிகளின்படி விரித்து எழுதி, டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழியில் சாதாரணக் கேள்வியாக மாற்றி டேட்டாபேஸிடமே கொடுத்துவிடலாம். அந்த மாற்றம் எப்போதும் முடியும்படி மொழியைச் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே எழுதிய ஆன்டாப் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது, அப்போது ஸ்டாட்டாயில் என்றும் இப்போது ஈக்வினோர் என்றும் பெயருள்ள நார்வே எண்ணெய் நிறுவனத்தின் நிலவியலாளர்களுக்காகவும் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இன்றைய பயிற்சியில் ஒரு பெண் பலகைக்கு வந்தாள். கேள்வி: "போல்சானோவுக்கு நேரடி வண்டி இருக்கும் ஊர்கள் எவை?" சுலபம், ஒரே வரி. "ஒரு தடவை மாறிப் போகலாம் என்றால்?" அட்டவணையை அதனோடே ஒரு முறை இணைத்து எழுதினாள். "எத்தனை தடவை மாறினாலும் சரி என்றால்?" அவள் எழுத ஆரம்பித்து, இணைத்து, மறுபடி இணைத்து, நாலாவது வரியில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இது முடியாது, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வரி வேண்டும்" என்றாள்.

ஆசிரியர் அங்கேதான் பிடித்துக்கொண்டார். 'போல்சானோவுக்குப் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊருக்கு இன்னோர் ஊரிலிருந்து வண்டி இருந்தால், அந்த இன்னோர் ஊரிலிருந்தும் போல்சானோவுக்குப் போய்ச் சேரலாம்' என்ற ஒரே ஒரு விதி, கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! இதை அனுமதித்துவிட்டால் கேள்வியை முதல்வரிசைத் தர்க்கத்தில் விரித்து எழுதவே முடியாது. டிஎல்-லைட் ஏன் இந்த விதியை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை, பலகையில் அந்த நாலு வரி கிடந்தது.

பின்னாலிருந்து ஒரு பையன், "எஸ்க்யூஎல்லில் ரிகர்ஷன், அதான் ஒரு விதி தன்னையே திரும்ப அழைப்பது, இருக்கிறதே?" என்றான். இருக்கிறது, ஆனால் அப்போது நாம் வேறு மொழிக்கு, அப்படிப்பட்ட விதிகளை எழுதவிடும் டேட்டாலாக் பக்கம் போய்விட்டோம், செலவும் மாறும் என்றார் ஆசிரியர். டிரெஸ்டனில் மார்க்குஸ் க்ரோட்ஷ் குழு உருவாக்கும் நேமோ அந்த வகை விதி எந்திரம்தான், அதையும் நிறுவிப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரத்துக்கான தாளைக் கொடுத்தார்கள், அதே ரயில் அட்டவணையை டேட்டாலாக்கில் எழுதி வர வேண்டும். நானும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊர்ப் பெயர்களை மட்டும் மதுரை, விருதுநகர், தென்காசி, செங்கோட்டை என்று மாற்றி, ஹோட்டலில் உட்கார்ந்து இப்போது முதல் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.